விடுமுறையில் பறவை பார்த்தல்: பிச்சாவரத்தை முன்வைத்து

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவர்களுக்குப் பறவை பார்க்கப் பொழுது இராது என்பது நம்மிடையே ஏறத்தாழ ஒரு விதியாகவே நிலைத்துவிட்டது. குழந்தைகளுக்குப் பசிக்கும், பெரியவர்களுக்கு முழங்கால் வலிக்கும், நடை சாத்துவதற்குள் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும், கட்டிக்கொண்டு வந்த புளியோதரை கெடுவதற்குள் தீர வேண்டும். இவற்றுக்கு நடுவே கொக்கையும் நாரையையும் பார்த்துக்கொண்டு நிற்பது யாருக்குச் சாத்தியம் என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். பறவை பார்த்தல் என்றாலே தனியாக அலைகிற ஓர் ஆண், கழுத்தில் தொங்கும் இருகண்ணோக்கி, முழங்கை நீளத்திற்கு ஒரு கேமரா என்ற சித்திரமே நம் மனத்தில் எழுகிறது. அச்சித்திரத்தில் பாட்டிக்கு இடமில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கும் இடமில்லை.

நாம் இதற்கு நேர்மாறான கருத்தைக் கொண்டிருக்கிறோம். பறவை பார்ப்பதற்குக் குடும்ப விடுமுறையைக் காட்டிலும் பொருத்தமான காலம் வேறில்லை. கடலூர், சிதம்பரம் கடற்கரையைப் பொறுத்தவரை, பறவைகளைப் பார்க்காமல் திரும்பும் விடுமுறை பாதி விடுமுறையே ஆகும். இது ரசனை சார்ந்த சிபாரிசு மட்டுமன்று. பார்க்காமல் இருப்பதால் நாம் இழப்பது எது, அக்கடற்கரை இழக்கக்கூடியது எது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த கரையோரப் பறவைகள் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் நம் கரைக்கு வந்து சேரத் தொடங்குகின்றன. பங்குனியில் வெயில் ஏறும்போது பெரும்பாலானவை திரும்பப் புறப்பட்டுவிடுகின்றன. கொசு உள்ளான் என்றொரு பறவை உண்டு. முப்பது கிராமுக்கும் குறைவான எடை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடல். அது ஆண்டுதோறும் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து நம் சேற்றில் இரை பொறுக்குகிறது. நாமோ பள்ளிக்கூடங்கள் மூடியபின் மே மாதத்து உச்சி வெயிலில் பிச்சாவரத்தில் போய் இறங்குகிறோம். விருந்தாளிகள் ஊருக்குப் போனபின் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தவர்களைப் போல நாலாபுறமும் பார்த்துவிட்டு, "மரமும் தண்ணீரும்தான், வேறொன்றும் இல்லை" என்று சொல்லித் திரும்புகிறோம்.

நம் முன்னோர் பறவைகளுக்காகத் திருவிழா வகுத்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆயினும் இப்பகுதியின் பெருந்திருவிழாக்கள் பலவும் பறவைகள் இருக்கும் பருவத்திலேயே அமைந்திருக்கின்றன. மார்கழித் திருவாதிரையில் தில்லையில் ஆருத்ரா தரிசனம், தையில் பொங்கல், மாசியில் மகம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்துத் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றன. ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் அத்தனை தொலைவு பயணப்பட்டுக் கிள்ளைக் கடற்கரைக்கு வருகிறார். கிள்ளைக்கு அருகில்தான் பிச்சாவரம். கடவுளே கடலாட வரும் பருவத்தில், கடவுளைப் பார்க்க வந்த குடும்பம் ஒன்று அரை நாள் கூடுதலாகத் தங்கினால், வலசை வந்த பறவைகளையும் பார்த்துவிடலாம். மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் ஒன்றரை மணி நேரத்திற்குள் அடையக்கூடிய தொலைவுதான். அங்கிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடெங்கும் ஆர்வலர்கள் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இப்பருவத்தையே தேர்ந்துகொண்டிருக்கிறது. விடுமுறையும் பறவையும் ஒருசேரக் கிடைக்கும் நாட்கள் அவை.

இவ்விடத்தில் மத்தியதரைக் கடற்கரை ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரான்சின் தென்கோடியில் ரோன் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகப் பகுதிக்குக் கமார்க் என்று பெயர். அங்கே செந்த் மரீ த லா மேர் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் ரோமா மக்கள் ஆயிரக்கணக்கில் கூடித் தங்கள் புனிதை சாராவின் திருவுருவைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறங்குகிறார்கள். மாசி மகம் கண்ட கண்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. அவ்வூருக்குக் குடும்பம் குடும்பமாக விடுமுறைக்கு வருகிறவர்கள் பூநாரைகளைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். பூநாரையே அந்நிலத்தின் முகவரி ஆகிவிட்டது. லுக் ஹாஃப்மன் என்னும் பறவையியலாளர் 1954இல் கமார்க்கில் தூர் து வலா என்ற ஆய்வு நிலையத்தை நிறுவினார். ஈரநிலங்களைக் காப்பதற்கு நாடுகளுக்கிடையே ஓர் உடன்படிக்கை வேண்டும் என்ற கோரிக்கை 1962இல் அந்தச் செந்த் மரீ த லா மேரில் கூடிய மாநாட்டில்தான் வடிவம் பெற்றது. அது 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உடன்படிக்கையாகக் கையெழுத்தானது. அந்த உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் பிச்சாவரம் 2022இல் சேர்க்கப்பட்டது. மத்தியதரைக் கடலோரத்தில் பறவை பார்த்தவர்கள் தொடங்கி வைத்த ஒரு காரியம், அறுபது ஆண்டுகள் கழித்து நம் கிள்ளைக் கழிமுகத்தை வந்து தொட்டிருக்கிறது. நாமோ அதை ஒரு நாள் செய்தியாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டோம்.

பிச்சாவரம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படம். அதற்கு முன்னும் பின்னும் அவ்விடத்திற்கு ஒரு வாழ்வு உண்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே கிளைத்துக் கிடக்கும் உப்பங்கழிகளில் கண்டலும் சுரபுன்னையும் வேரூன்றி நிற்கின்றன. அவற்றோடு தில்லையும் நிற்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இதுதான். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்று அஞ்சப்படும் பாலை உடைய மரம். கோயிலைச் சூழ்ந்து தில்லைவனம் இருந்ததென்று புராணங்கள் சொல்கின்றன. இன்று தலமரத்தைக் காடாகக் காண விரும்புபவர் கோயிலை விட்டுக் கழிமுகத்திற்குத்தான் வர வேண்டும். பாதிரி மரத்தால் திருப்பாதிரிப்புலியூர், தில்லை மரத்தால் தில்லை என்று ஊர்களுக்குப் பெயரிட்டு வாழ்ந்தவர்களின் வழிவந்த நாம், தில்லை மரத்தின் நிழலில் படகில் போகும்போது அது என்ன மரம் என்று கேட்பதுகூட இல்லை.

மரத்திற்கு உள்ள கதிதான் பறவைக்கும். துடுப்புப் படகில் குறுகிய கால்வாய்களுக்குள் நுழைந்தால் வேர்களின் மேல் அசையாமல் நிற்கும் மடையானையும், பகலில் இலைமறைவில் உறங்கும் இராக்கொக்கையும், நீலமும் செம்மஞ்சளுமாய் ஒரு கணம் மின்னி மறையும் கருந்தலை மீன்கொத்தியையும் காணலாம். மீன்கொத்தியைச் சங்கப் புலவர்கள் சிரல் என்றார்கள். தலைக்கு மேல் செம்பருந்து வட்டமிடும். கழி விரிந்து சேற்றுத்திட்டுகள் தெரியும் இடத்தில்தான் வலசை வந்தவை இருக்கின்றன. நீர் வற்றும் வேளையில் அத்திட்டு ஒரு பந்தி போல இருக்கும். உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து, ஓடி, நின்று, மேற்பரப்பில் உள்ளதைப் பொறுக்குகிறது. பவளக்காலியும் பச்சைக்காலியும் சற்று ஆழத்தில் துழாவுகின்றன. நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான் (ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் வேறு, இது வேறு) இன்னும் ஆழத்திலிருந்து நண்டையும் புழுவையும் இழுத்தெடுக்கிறது. ஒரே சேற்றில் ஒவ்வொன்றின் அலகு நீளத்திற்கும் ஏற்ப ஒவ்வோர் அடுக்கில் இரை இருக்கிறது. ஒன்றின் இலைக்கு மற்றொன்று கை நீட்ட வேண்டியதில்லை. இதை ஒரு பத்து வயதுக் குழந்தைக்கு விளக்கப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை; கால் மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும்.

குடும்பத்தின் அருமை இவ்விடத்தில்தான் விளங்குகிறது. தனியாகச் செல்பவருக்கு இரண்டு கண்களே உண்டு. குடும்பமாகச் செல்பவர்களுக்குப் பல கண்கள், பல காதுகள், பல நினைவுகள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் ஒரு தை மாதக் காலையில் அக்கழிக்குச் சென்றபோது, தூரப் பார்வை மங்கிப்போன பெரியம்மாதான் கரைமேட்டிலிருந்து வந்த கூவலைக் கேட்டு, "ஆக்காட்டி கத்துது, அங்க யாரோ வராங்க பாருங்க" என்றார். சிறிது நேரத்தில் வரப்பின்மேல் ஓர் ஆள் நடந்து வருவது தெரிந்தது. ஆங்கிலேயர் அப்பறவையின் குரலில் ஒரு கேள்வி வாக்கியத்தைக் கேட்டார்கள். நம்மவர்களோ அது எதற்காகக் கத்துகிறது என்பதைக் கவனித்து, ஆள்காட்டி என்று பெயரிட்டார்கள். கண்ணாடி அணிந்த இளையவர்களில் எவருக்கும் தெரியாதிருந்த இச்செய்தி, வயற்காட்டில் வளர்ந்த ஒருவரின் நினைவில் அறுபது ஆண்டுகளாகத் தூங்கிக் கிடந்தது. அதை எழுப்ப ஒரு விடுமுறையும் ஒரு பறவையும் தேவைப்பட்டன. பேரப்பிள்ளைகள் அன்று முழுவதும் பெரியம்மாவின் அருகிலேயே உட்கார்ந்திருந்தனர்.

படகோட்டியும் அப்படிப்பட்ட ஒரு நூலகமே. கழியின் எந்த மடக்கில் எந்தப் பறவை எப்போது இறங்கும் என்பது துடுப்புப் போடுபவருக்குத் தெரியும். அவ்வுப்பங்கழிகளில் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு இன்னும் நுட்பமாகத் தெரியும். நாம் அவர்களிடம் கேட்பதோ, எந்தப் படத்தை எங்கே எடுத்தார்கள் என்பது மட்டும். இன்று கைப்பேசியை நீட்டினால் செயலி ஒன்று பறவையின் ஆங்கிலப் பெயரை நொடியில் சொல்லிவிடுகிறது. அது நல்லதே, நாமும் பயன்படுத்துகிறோம். ஆனால் படகோட்டி வாயில் புழங்கும் பெயரைச் செயலி சொல்லாது. கேட்பார் இல்லாத பெயர் அடுத்த தலைமுறையில் இராது. க. ரத்னம் போன்றவர்கள் தமிழில் பறவைப் பெயர்களைத் திரட்டி நூலாக்கியது தனிமனித உழைப்பு. அவ்வேலையில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிடி சேர்க்க முடியும். படகிலிருந்து இறங்குமுன் நான்கு பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

இலக்கியம் படிப்பவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு கடமையும் உண்டு. நெய்தல் பாடல்களை நாம் ஏட்டிலேயே வைத்துப் படித்துவிடுகிறோம். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் அம்மூவனார் வெள்ளாங்குருகுக்கு ஒரு பத்தும் சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்தும் பாடியிருக்கிறார். குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர், களவு மணத்துக்குச் சாட்சியாக ஒரு குருகை நிறுத்துகிறார். அதன் காலின் நிறமும் தோற்றமும் எதைப் போன்றவை, அது எத்தகைய நீரில் நிற்கிறது, எந்த மீனுக்காகக் காத்திருக்கிறது என்பனவெல்லாம் சில அடிகளுக்குள் வந்துவிடுகின்றன. இன்றைய களக் கையேடு ஒரு பறவையைப் பற்றித் தரும் குறிப்புகளும் ஏறக்குறைய இவைதாம். பறவை பார்த்தல் மேலைநாட்டு இறக்குமதி என்று சொல்பவர்கள் கபிலரின் அந்தக் கொக்கைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும்.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டு இதைவிட நமக்கு நெருக்கமானது. பனங்கிழங்கை உவமையாக்கி அலகைக் காட்டியதைப் பள்ளிப் பருவத்தில் அனைவரும் மனனம் செய்திருப்போம். அதில் நாம் கவனிக்கத் தவறுவது, அந்த நாரை தன் துணையோடு குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புவதாகப் புலவர் கொள்வதை. வலசைப் பறவையின் பயணத்தை அவர் ஒரு தம்பதியின் தீர்த்த யாத்திரையாகக் கண்டார். நாரையும் குடும்பத்தோடு தென்கடலுக்கு வந்து திரும்புகிற யாத்திரிகனே என்றால், நம்முடைய விடுமுறையும் அதனுடைய விடுமுறையும் ஒரே கரையில் சந்திப்பதில் வியப்பென்ன? வறுமையில் குளிரால் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கவனித்தார்; வயிறார உண்டு வந்த நாம் கவனிக்க மறுக்கிறோம்.

இனி அக்கடற்கரை இழக்கக்கூடியது எது என்பதற்கு வருவோம். பிச்சாவரத்துக் காடு தானாகவே என்றென்றும் இருந்துவிடும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. ஆங்கிலேயர் காலம் முதல் 1970கள் வரை பகுதி பகுதியாக அதை மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேரடியாகப் பட்டு, மண் ஈரம் இழந்து, தரை தொட்டி போலத் தாழ்ந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்புக் கூடியது. உப்பு மிகுந்த மண்ணில் கண்டல் கன்றுகூட முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டத்தை மீட்ட பிறகே அவ்விடங்கள் மறுபடி பச்சை பிடித்தன. அதே பத்தாண்டில் இறால் பண்ணைகள் கடற்கரையெங்கும் பரவின. அவற்றுக்கு எதிரான வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது, தேவனாம்பட்டினம் உள்ளிட்ட திறந்த கரைகள் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். மரங்கள் அடர்ந்த கரைக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்தவர்கள் 2005இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். காடு எவ்வளவு காத்தது என்பதில் பிற்பாடு விவாதங்கள் எழுந்தது உண்மை. காடு இருந்தவர்கள் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை என்பதும் உண்மை.

இத்தகைய ஒரு காட்டுக்கு யார் பேசுவார்கள்? ஆய்வாளர் அறிக்கை எழுதுவார்; அதிகாரி கோப்பில் ஒப்பமிடுவார். ஆண்டுதோறும் படகேறி இறங்கும் பெருங்கூட்டத்திற்கு அக்காடு வெறும் பச்சைத் திரையாக மட்டும் இருக்குமானால், நாளை அதில் ஒரு மூலையை வேறெதற்கோ கேட்கும்போது, அங்கே என்ன இருந்தது என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. பவளக்காலியைப் பெயர் சொல்லி அறிந்த குழந்தை வளர்ந்தபின் அதன் சேற்றை "தரிசு" என்று ஒருவர் எழுதினால் சும்மா இராது. பெயர் தெரிந்தவரை விரட்டுவது எவருக்கும் சற்றுக் கடினமே.

மறுப்புரைகளையும் பார்த்துவிடுவோம். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பார்கள். ஒரு குடும்பத்திற்கு ஒரே ஓர் இருகண்ணோக்கி போதும், அதுவும் சாதாரணமானது போதும். இல்லாவிட்டாலும் கொக்கைக் காணக் கண்ணே போதும். செலவு மிகுவது பெரிய கேமராக்களால். அவற்றை ஏந்தி, பறக்கும் கோலத்தில் படம் வேண்டும் என்பதற்காக இரை தேடும் கூட்டத்தை எழுப்பி விரட்டுகிறவர்களைப் பறவை பார்ப்பவர்கள் என்று நாம் கருதவில்லை. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உடலுக்கு ஒவ்வொரு விரட்டலும் உணவிழப்பு. குழந்தைகளுக்குச் சலிக்கும் என்பார்கள். எண்ணச் சொல்லுங்கள், சலிக்காது. எத்தனை வகை அலகு, எத்தனை நிறக் கால் என்று எண்ணத் தொடங்கிய பிள்ளைகள் பசியை மறப்பதைப் பார்த்திருக்கிறோம். புளியோதரை பெரியவர்களுக்கு மிஞ்சியது.

ஆகவே சில எளிய வேண்டுகோள்கள். கோயிலை மாலைக்கு வைத்துக்கொண்டு கழிக்குக் காலையில் முதற்படகில் செல்லுங்கள். விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகே குறுங்கால்வாய்களுக்குள் நுழையும், ஓசையும் எழுப்பாது. கைப்பேசிப் பாட்டை அந்த ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். தின்பண்டத்தையும் அதன் உறையையும் நீரில் எறியாதீர்கள். சுற்றுலாத் துறைக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: படகுத் துறையில் தமிழ்ப் பெயர்களோடு பறவைப் படப் பலகை ஒன்று பெரிதாக வையுங்கள், பறவை அறிந்த படகோட்டிகளுக்கு வழிகாட்டிகள் என்ற தகுதியும் அதற்குரிய தனிக் கூலியும் கொடுங்கள். அவர்களுடைய அறிவை இலவச உபசாரமாக எதிர்பார்ப்பது முறையன்று.

பிச்சாவரம் வரை போக இயலாதவர்கள் மஞ்சக்குப்பத்திலிருந்து நடந்தே தொடங்கலாம். கெடிலம் கடலோடு சேரும் இடத்திற்குத் தை மாதத்து விடியலில் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். வீட்டில் மூத்தவர் ஒருவர் உடன் வந்தால் இன்னும் நல்லது. கண்டவற்றை எழுதுங்கள், தெரியாதவற்றை வலை உலர்த்துபவரிடம் கேளுங்கள். அடுத்த பொங்கலில் அதே இடத்தில் அதே நோட்டைத் திறந்து, சென்ற ஆண்டு வந்தவை இவ்வாண்டும் வந்திருக்கின்றனவா என்று பிள்ளைகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.